வெளிப்பக்கம் திறக்கும் கதவு

முதலாவது அநியாயம் உப்பளத்தின் இரும்புக் கேட்டு. பேச்சித்தாய்க்கு வலி கண்ட மதியத்தில் கங்காணி சாவியை மடியில் செருகிக்கொண்டு சாப்பிடப் போயிருந்தான். வேன் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது, அவள் இந்தப் பக்கம் உப்புக் குவியலின் நிழலில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள், அவன் கை கழுவி, வெற்றிலை போட்டு, நிதானமாக நடந்து வந்து சேரும்வரை. இரண்டாவது, பிள்ளை அழாமல் நீலம் பாரித்துப் பிறந்ததை ஆஸ்பத்திரியில் ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை; தலை ஏன் நிற்கவில்லை என்று அவள் கேட்டபோதெல்லாம் சில பிள்ளைகள் மெதுவாகத்தான் வரும் என்று சொல்லி அனுப்பினார்கள், மூளை முடக்குவாதம் என்ற சொல் அவள் காதில் விழுந்தபோது பிள்ளைக்கு மூன்று வயது முடிந்திருந்தது. மூன்றாவது, அவள் மாமியார், வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு கேட்டில் நின்று கோஷம் போட்டவளுக்கு முதலாளி வீட்டுச் சாபம் பலித்துவிட்டது என்று தெருக்குழாயடியில் சொல்லிவைத்தாள். நான்காவது, ஓடை மணலில் இடுப்பளவு புதைத்துவைத்தால் கால் ஊன்றும் என்று ஒரு வைத்தியன் சொல்ல, பெரியவர்கள் பிள்ளையைப் புதைத்துவிட்டு நிழலில் போய் உட்கார்ந்தார்கள். ஐந்தாவது, மற்றப் பிள்ளைகள் பயப்படும் என்று பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை. ஆறாவதைச் சொல்லும்போது பேச்சித்தாயின் குரல் இறங்கிவிடும், ஏனென்றால் அது சொந்த ஆட்கள் செய்தது: அவள் ரத்தம் கொடுத்து வளர்த்த உப்பளத் தொழிலாளர் சங்கம் பிள்ளையை மாநாட்டு மேடையில் தூக்கிக் காட்டியது, கேட்டுச் சாவியின் கொடுமைக்குச் சாட்சி என்று துண்டறிக்கையில் படம் போட்டது, படத்தின் கீழே ‘ஒரு தோழரின் ஊனமுற்ற குழந்தை’ என்று அச்சடித்தது, பெயரைப் போடவில்லை, மறுவருடம் அந்தத் துண்டறிக்கையில் வடை மடித்துக் கொடுத்தார்கள்.

இந்த ஆறும் இந்த வரிசையில்தான் நடந்தன. யாராவது முன்பின்னாகச் சொன்னால் பேச்சித்தாய் நிறுத்தித் திருத்துவாள். கோரிக்கையை வரிசை தவறிச் சொன்னால் அந்த இடைவெளியில் முதலாளி புகுந்துவிடுவான் என்று அவள் கற்றிருந்தாள்.

ஆறுக்கும் பிறகு, ஆவணி மாதத்து ஒரு காலையில், அவள் வீட்டுப் பின்சுவரில் கதவு வந்தது. அதை அநியாயத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் மட்டும் அவளுக்குத் தீர்ப்பு கிடைக்கவில்லை.

அந்தக் குடியிருப்புக்கு வெள்ளைமேடு என்று பெயர். உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்காக யாரோ எப்போதோ கட்டிய வரிசை வீடுகள், ஒரு வீட்டின் பின்சுவர்தான் அடுத்த வரிசை வீட்டின் அடுக்களைச் சுவர், இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் வெந்நீர் வைப்பார்கள். பேச்சித்தாயின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் மரியபுஷ்பத்தின் அடுக்களை இருந்தது, அங்கே சுவர் சுவராகவே இருந்தது, அலமாரிப் பலகையில் எவர்சில்வர் பாத்திரங்கள் அடுக்கியபடியே இருந்தன. இந்தப் பக்கத்தில் மட்டும் நீல வண்ணம் அடித்த பலகைக் கதவு, வண்ணம் அங்கங்கே உரிந்து, அடுப்புப் புகை படிந்து, வீடு கட்டிய நாளிலிருந்து அங்கேயே இருந்தாற்போல நின்றது. காலண்டர் மாட்டிய ஆணி இப்போது கதவில் இருந்தது. சாவித் துவாரம் இல்லை, கொண்டி இல்லை. அடியில் இருந்த சந்து வழியாகக் காற்று வந்தது, உப்பளத்துக் காற்றைப்போல் எரிக்காத, ஈரத் துணியை நெற்றியில் போட்டாற்போன்ற காற்று.

“கதவு வந்திருக்கு” என்றாள் பேச்சித்தாய்.

அவள் கணவன் சுடலைமுத்து லாரிக்கு மூட்டை ஏற்றுகிறவன், பேசுவது குறைவு. சட்டை மாட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தான். “ஆமா” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

அன்று பொழுது சாய்வதற்குள் வெள்ளைமேடு முழுக்க வந்து பார்த்துவிட்டது. பூசாரி வந்து கதவுக்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தார். சபை ஊழியர் வந்து நிலையில் கை வைத்து ஜெபம் செய்தார், கை சில்லென்றிருக்கிறது என்று சொல்லிவிட்டு, துண்டில் துடைத்துக்கொண்டு போனார். கிராம நிர்வாக அலுவலர் வரைபடத்தை விரித்துப் பார்த்து, இப்படி ஒரு வாசல் இல்லை, ஆகையால் இதற்கு வரியும் இல்லை என்று தீர்த்துவைத்தார். தேர்தல் வந்தது, இரண்டு கட்சிக்காரர்களும் அதன்மேல் சுவரொட்டி ஒட்டினார்கள். பக்கத்து வீட்டு ஆடு நிலையில் முதுகைச் சொறிந்துகொண்டது. ஒரு மாதத்தில் கதவு வெள்ளைமேட்டுக்குப் பழகிப்போய்விட்டது, “கதவு வீட்டுக்குப் பக்கத்துல” என்று தபால்காரருக்கு வழி சொன்னார்கள். அதற்கு முன்னால் அந்த வீட்டை ‘முடியாத பிள்ளை வீடு’ என்று சொல்லி வந்தார்கள்.

முடியாத பிள்ளைக்குப் பதினோரு வயது. ஊரில் எல்லாரும் பாப்பா என்றே கூப்பிட்டார்கள். கத்தரிக்கோல் மூடினாற்போல் பின்னிக்கொள்ளும் கால்கள், நெஞ்சோடு மடங்கிய வலது கை, யார் இழுத்தாலும் திறக்காத முஷ்டி, எச்சில் ஒழுகும் வாய், அந்த வாய்க்குமேலே எதையும் தப்பவிடாத இரண்டு கண்கள். ஆமாம் என்றால் நேராகப் பார்ப்பாள், இல்லை என்றால் கண்ணை இடதுபக்கம் ஒதுக்குவாள். லாரி ஹாரன் பிடிக்கும். அவளைப் பார்த்து யாராவது பெருமூச்சு விட்டால் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். சபை ஊழியர் ஜெபம் செய்த அன்று அவர் ‘பரிதாபமான’ என்று தொடங்கியதும் இவள் சிரித்த சிரிப்பில் அவருக்கு வசனம் மறந்துபோனது. பயிற்சி மையத்திலிருந்து வாரம் ஒருமுறை வரும் நஸ்ரின் டீச்சர் அவள் கால்களை நீவிவிடுவார், முஷ்டியைத் திறக்கும் விதத்தைப் பேச்சித்தாய்க்குக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். கதவைப் பார்த்த வாரம் அவர் பிள்ளையை விட்டுவிட்டுப் பேச்சித்தாயைப் பார்த்தார்.

“நீங்க தூங்குதீங்களாம்மா?”

“பிள்ளையப் பாக்க வந்தீக. பிள்ளையப் பாருங்க டீச்சர்.”

பேச்சித்தாய் அப்படித்தான். ஊருக்காகக் கேட்பதற்கு அவள் கலெக்டர் மேசையைத் தட்டியிருக்கிறாள், உப்பளத்தில் நிழல் கூரை, குடிதண்ணீர், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி எல்லாம் அவள் கேட்டு வந்தவை. தன் வீட்டுக்கென்று ஒரு குடம் தண்ணீர் தூக்கித் தரச் சொல்லி அவள் யாரையும் கேட்டதில்லை. பிள்ளையைப் பிடிக்க யாராவது கை நீட்டினால், “எம் பிள்ளைய நான் பாத்துக்கிடுவேன்” என்று இடுப்பில் ஏற்றிக்கொள்வாள். பதினோரு வருடத்தில் பிள்ளை வளர்ந்தது, இடுப்பு தேய்ந்தது.

கதவு அசைகிறது என்று முதலில் கண்டவள் மரியபுஷ்பம். பேச்சித்தாயோடு ஒரே பாத்தியில் உப்பு வாருகிறவள், சாவு வீட்டிலும் வாய் சும்மா இராது. பார்க்க வருகிறவர்கள் கதவைப் பார்ப்பார்கள், பிறகு பிள்ளையைப் பார்ப்பார்கள், பிறகு குரலைத் தாழ்த்தி, மனதார, அன்போடு, அந்த ஊரில் பிள்ளையைப் பார்க்கிற எல்லாரும் கேட்கிற ஒன்றைக் கேட்பார்கள்: “உனக்குப் பெறவு இந்தப் பிள்ளைக்கு யாரு இருக்கா?” கேட்ட மறுகணம் கதவு ஒரு விரல்கடை அந்தப் பக்கமாகத் திறக்கும்.

“மதினி, ஊர்க்காரங்க வாயாலயே தொறக்காங்க இந்தக் கதவ” என்றாள் புஷ்பம். “இவங்களுக்குச் சாவி எதுக்கு?”

பேச்சித்தாய் சிரிக்கவில்லை. அதை அவள் முன்பே கண்டிருந்தாள். பிறர் கேட்காதபோதும் ராவும் பகலும் அதையே தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள்.

விஷயம் தெரிந்தபிறகும் வெள்ளைமேட்டால் கேட்காமல் இருக்க முடியவில்லை. கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொள்வார்கள், “அட பாவி, கேட்டுட்டேனே” என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், கதவு திறந்த அளவு திறந்ததுதான். சுடலைமுத்து ஒருநாள் கல்லுப்பு மூட்டை ஒன்றைச் சுமந்துவந்து கதவில் சாத்தினான். அது வெளிப்பக்கம் திறக்கும் கதவு. எதைச் சாத்தினாலும் சாத்தியது அதற்குள் போகும். மூட்டை மெல்லச் சாய்ந்து சந்துக்குள் போனது. இருவரும் காது கொடுத்து நின்றார்கள். விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

“நீயும் அதப் பாத்துக்கிட்டேதான் இருக்கியா?” என்று சுடலைமுத்து கேட்டான், கதவைப் பார்க்காமல்.

“நீங்க?”

அவன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி மறுபடியும் கட்டினான்.  அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை, ஒருவர் பிள்ளையோடு வீட்டில் இருந்தால் மற்றவர் வேலை முடிந்ததும் எங்கும் நிற்காமல் வந்துவிடுவது என்று மட்டும் பேசாமலே ஆயிற்று. மற்றவர்மீது இருந்த பயமா தன்மீது இருந்த பயமா என்று இருவருக்குமே தெரியவில்லை.

ஒரு மத்தியானம் துறைமுகத்துப் பக்கத்துத் தெருவிலிருந்து செல்லக்கிளி என்று ஒருத்தி வந்தாள். அவளுக்கும் இப்படி ஒரு மகன் இருக்கிறான், பதினேழு வயது. அவள் பிள்ளையைப் பார்த்துப் பெருமூச்சு விடவில்லை, வாய்க்கடையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள், பிள்ளை அவளை நேராகப் பார்த்தது. பிறகு அவள் கதவைப் பார்த்தாள்.

“எங்க வீட்லயும் இருக்கு” என்றாள்.

“எப்பருந்து?”

“பையன் என்னவிட ஒசரமா வளந்த வருசத்துலருந்து. பீரோவ வச்சு மறச்சிருக்கோம். வெளிய யாருக்கும் தெரியாது.”

“தொறந்திருக்கா?”

செல்லக்கிளி சேலை நுனியை விரலில் சுற்றினாள். “பீரோ இப்பல்லாம் கொஞ்சம் பின்னால சாஞ்சு நிக்குதுக்கா.”

அவளுக்குப் பிறகு வேறு பெண்கள் வந்தார்கள், ஆண்களும் வந்தார்கள், மாடி வீட்டிலிருந்துகூட ஒருவர் காரை முக்கில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார். எல்லாரும் அதையே சொன்னார்கள். படத்துக்குப் பின்னால், நெல்லு மூட்டைக்குப் பின்னால், துணிக்கொடிக்குப் பின்னால் ஒரு நீலக் கதவு. அவர்கள் வந்துபோவதைப் பார்த்த வெள்ளைமேட்டுக்காரர்களுக்கு அப்போதுதான் பயம் பிடித்தது. அதுவரை அது பேச்சித்தாய் வீட்டு அதிசயமாக இருந்தது. எல்லா வீட்டிலும் வரக்கூடிய ஒன்று என்றால் யார் அதன் எதிரே நின்று பேசுவார்கள்? கேட்பதை நிறுத்தியவர்கள் வருவதையும் நிறுத்தினார்கள். நஸ்ரின் டீச்சரின் வேன் மழையால் வரவில்லை. ஐப்பசி பிறந்து, வானம் பொத்துக்கொண்டு, பாத்திகளில் மழைத்தண்ணீர் நின்று, உப்பளத்தில் வேலை நின்றது. ஒருவரும் வராத வீட்டில், ஒருவரும் கேட்காத கேள்விக்கு, கதவு தினமும் திறந்தது.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் கதவு, ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்த ஒருத்தி உடம்பை ஒடுக்காமல் போகும் அளவுக்குத் திறந்திருந்தது. அந்தப் பக்கம் பாத்தியோ கடலோ வானமோ இல்லை, வெள்ளை மட்டும்தான் இருந்தது, அமாவாசைக்கு மறுநாள் உப்பு பூத்தாற்போன்ற வெள்ளை, அதில் ஒரு காலடிகூட இல்லை.

அன்று காலை, சுடலைமுத்து வேலைக்குப் போனபிறகு, அவள் செய்ததெல்லாம் வேலை செய்வதைப் போலத்தான் இருந்தது. பிள்ளைக்கு வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினாள். எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல் போட்டாள். தசராவில் கோயில் கொடைக்கு எடுத்த பச்சைப் பாவாடையைக் கட்டிவிட்டு, இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். பிள்ளை குதூகலித்தது, லாரி பார்க்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஹாரன் மாதிரி ஓசை எழுப்பியது. பேச்சித்தாய் தான் அழுவதை அறியவில்லை, தன் கால்கள் பின்சுவரை நோக்கி நடப்பதையும் அறியவில்லை, யாரோ முன்னமே எழுதிவைத்த வழியில் நடப்பதைப் போல நடந்தாள், அந்தக் குளிர்ந்த காற்று அவள் தேய்ந்த இடுப்பைத் தொட்டு, இனித் தூக்க வேண்டாம், இனிக் கேட்க வேண்டாம் என்று சொல்லிற்று. பேச்சித்தாய் வாழ்நாள் முழுக்க முதலாளிகளின் நயமான பேச்சைக் கேட்டவள்; காற்று பேசியதும் அதே நயத்தில்தான் இருந்தது, ஆனால் அன்று அவளுக்கு அது பிடிபடவில்லை.

பிள்ளைக்குப் பிடிபட்டது.

ஓசை நின்றது. கண்கள் இடதுபக்கம் போயின, மறுபடியும் இடதுபக்கம் போயின. உடம்பு வில்லாக விறைத்தது. பதினோரு வருடமாக யார் சொல்லுக்கும் கட்டுப்படாத வலது கை நெஞ்சிலிருந்து பிரிந்து, விரல்கள் எப்படியோ விரிந்து, கதவு நிலையைப் பற்றி மூடிக்கொண்டது. பயந்தால் இறுகும் கை அது. பேச்சித்தாய் இழுத்தாள், கை இன்னும் இறுகியது. பின்னிய கால்கள் இரண்டும் சேர்ந்து சுவரை உதைத்தன, ஒருமுறை, மறுபடி ஒருமுறை, முழுப்பலத்தோடு. சுவருக்கு அந்தப் பக்கம் மரியபுஷ்பத்தின் அலமாரிப் பலகை ஆணியோடு பெயர்ந்து அத்தனை பாத்திரமும் தரையில் கொட்டியது.

நசுங்கிய சொம்பைக் கையில் பிடித்தபடி புஷ்பம் தெருவைச் சுற்றி மழையில் ஓடிவந்தாள்.

“மதினி, எங்க அம்மை சீதனமாக் குடுத்த சொம்பு, பாருங்க, சப்பிப்போன மூஞ்சி மாதிரி...”

அவள் நின்றாள். திறந்த கதவைப் பார்த்தாள், பச்சைப் பாவாடையைப் பார்த்தாள், நிலையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். சொம்பை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“எங்க கிளம்பிட்டீக ரெண்டு பேரும்?” என்றாள், சந்தைக்குப் போகிறவளைக் கேட்பதைப்போல. கிட்டே வந்து பிள்ளையின் தொடைக்கடியில் தன் கையைக் கொடுத்தாள். “குடுங்க. இடுப்பு ஓஞ்சுபோச்சு உங்களுக்கு.”

பேச்சித்தாய் கொடுத்தாள். முதல்முறையாகக் கொடுத்தாள்.

“கைய விடமாட்டேங்காளே?”

“இழுக்காத. இழுத்தா இறுகும்.” பேச்சித்தாயின் குரல் எங்கோ ஆழத்திலிருந்து வந்தது. “மணிக்கட்ட உள்பக்கமா மடக்கு. மெல்ல. மடக்கிப் பிடிச்சுக்கிட்டுக் காத்திரு. விரலு தானா விடும்.”

புஷ்பம் மடக்கிப் பிடித்துக் காத்திருந்தாள். விரல் ஒவ்வொன்றாக நிலையை விட்டது, விட்ட கை புஷ்பத்தின் ரவிக்கையைப் பற்றியது. மூவரும் கதவுக்கு எதிரிலேயே தரையில் உட்கார்ந்தார்கள்.

“எனக்குப் பயமா இருக்கு புஷ்பம்” என்றாள் பேச்சித்தாய்.

“எனக்கும்தான். எங்க அடுக்களச் செவருல்லா. நெதமும் மீன் பொரிக்கையில முதுகு சிலுத்துக்கிட்டு வருது. கொழம்புக்கு உப்புப் போட்டனா இல்லையான்னே தெரிய மாட்டேங்கு.”

உனக்குப் பெறவு யாரு என்ற அந்தக் கேள்வியைப் புஷ்பம் கேட்கவில்லை. பிள்ளையை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். கதவு அன்று மூடவில்லை, ஆனால் மேலும் திறக்கவும் இல்லை. சாயங்காலம் சுடலைமுத்து வந்தபோது புஷ்பம் அவனை அடுப்பங்கரைக்குக் கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னாள், அவன் பச்சைப் பாவாடையோடு தூங்கிப்போயிருந்த மகளின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதான். மழை விட்டதும் நஸ்ரின் டீச்சர் வந்தார், இந்தத் தடவை அவர் கேட்காமலே பேச்சித்தாய் சொன்னாள், “தூங்கல டீச்சர். மாசக்கணக்கா.” டீச்சர் அவளைத் தாமே மனநல டாக்டரிடம் கூட்டிப்போனார். மாத்திரை தூக்கத்தைக் கொடுத்தது. கதவு மட்டும் அங்கேயே நின்றது, மாத்திரையால் மட்டும் மூடும் கதவு இல்லை அது என்று அந்த டாக்டரும் சொன்னார்.

வெள்ளைமேட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு கங்காணி தினமும் கேட்டில் பெயர் கூப்பிடத் தொடங்கினான், குரல் வராத பெயருக்கு அன்றோடு பாத்தி போயிற்று. பிள்ளை பெறப் போனவள், காய்ச்சலில் கிடந்தவள், போலீஸ் பிடித்துப்போனவள் பெயரெல்லாம் வரும்போது வரிசையிலிருந்து வேறொருத்தி, “அவளுக்கு நான் இருக்கேன்” என்பாள். சொன்னவள் அன்று தன் பாத்தியோடு அவள் பாத்தியையும் வார வேண்டும். சாட்சிகள் முன்னால் சொன்ன சொல், மாற முடியாது. அந்தக் கங்காணி செத்தான், வழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது. இப்போதும் தை மாதத்தில், புது உப்புக்காகப் பாத்தியை மிதித்துக் கெட்டிப்படுத்தும் முன்னால், சங்கத்தின் தகரப் பலகையில் எழுதிய பெயர்களை எல்லார் முன்னிலையிலும் படிப்பார்கள். அந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்தவளே பேச்சித்தாய்தான்.

“பலகையில பாப்பா பேரையும் எழுதணும்” என்று புஷ்பம் சங்க அலுவலகத்தில் போய் நின்றாள்.

செயலாளர் ஞானதுரை, மேடையில் பிள்ளையைத் தூக்கிக் காட்டிய அதே ஞானதுரை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அது தொழிலாளி பலகையம்மா. அந்தப் பிள்ளை உப்பு வாருதா?”

“நீங்களும்தான் வாரி இருபது வருசமாச்சு அண்ணாச்சி. உங்க பேரு மேலயே இருக்கு.”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஞானதுரை சிரிக்கவில்லை. “சரி, எழுதிட்டோம். படிக்கையில யாரும் வாயத் தொறக்கலன்னா? சொன்னா செய்யணும். உப்பு வாருத மாதிரி ஒருநாள் வேலையா அது? தூக்கணும், குளிப்பாட்டணும், ஊட்டணும். முறை வச்சு, காலம் பூரா. சனத்துக்குப் பயம் இருக்காதா? பேரப் படிச்சு, சத்தமில்லாமப் போச்சுன்னா, அந்தக் கதவு என்ன செய்யும்னு யோசிச்சியா?”

புஷ்பம் அதை யோசித்திருந்தாள். யோசித்தும் எழுதச் சொல்லித்தான் நின்றாள்.

பேச்சித்தாய் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. “தெருவுல நின்னு எம் பிள்ளைக்குப் பிச்சை கேக்கச் சொல்லுதியா?”

“கேக்குறது பிச்சை இல்லன்னு நீங்கதான மதினி எங்களுக்குச் சொல்லிக்குடுத்தீக. கலெக்டராபீசு வாசல்ல, வெயில்ல, தொண்டத்தண்ணி வத்த. இப்ப மறந்துபோச்சாக்கும்.”

பேச்சித்தாய் திரும்பிப் பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை அவளை நேராகப் பார்த்தது, கண்ணை எங்கும் ஒதுக்காமல்.

தை பிறந்து, மழைத்தண்ணீரை வெளியேற்றி, பாத்தி மிதிக்கப்போகும் நாளின் காலையில் தகரப் பலகையை அலுவலகத்திலிருந்து கழற்றி, பேச்சித்தாய் வீட்டு வாசலுக்குத் தூக்கிவந்து சாத்தினார்கள், ஏனென்றால் அந்தக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்கும் வரமாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். வாசலிலிருந்து பார்த்தால் வீட்டின் நீளத்துக்குப் பார்வை போய்ப் பின்சுவரில் முடியும். அங்கே கதவு திறந்து, வெள்ளை தெரிய நின்றது. கூட்டம் வந்தது. மாதக்கணக்கில் இந்தத் தெருப் பக்கம் வராதவர்கள் முக்காடு போட்டுக்கொண்டு ஓரமாக நின்றார்கள். செல்லக்கிளி தன் மகனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு துறைமுகத் தெருவிலிருந்து வந்திருந்தாள். கார்க்காரர் இந்தமுறை காரை வாசல்வரை கொண்டுவந்தார். பூசாரியும் சபை ஊழியரும் ஒரே குடையின் நிழலில் நின்றார்கள். பிள்ளையைச் சுடலைமுத்து மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான், பேச்சித்தாய் பக்கத்தில் நின்றாள். அவளுக்கு வாய் உலர்ந்திருந்தது. வேலைநிறுத்தத்தில் போலீஸ் துப்பாக்கிக்கு எதிரே நின்றபோதுகூட உலராத வாய் அது.

உப்பு மூட்டைக்கு அடையாளம் போடும் நீல மையையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு புஷ்பம் பலகையின் அடியில் குந்தினாள். குந்தியவள் திகைத்தாள்.

“மதினி, பாப்பா பேரு என்ன?”

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்தது. ஒருவருக்கும் தெரியவில்லை. பதினோரு வருடம் அந்தப் பிள்ளையின் எச்சிலையும் காலையும் கையையும் பேசிய ஊர் அது. ஞானதுரை தலையைக் குனிந்துகொண்டார்; துண்டறிக்கை அவர் எழுதியது.

பேச்சித்தாய் குனிந்து புஷ்பத்தின் காதில் சொன்னாள். புஷ்பம் ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள், கடைசி எழுத்தின் மை ஒழுகியதை விரலால் துடைத்தாள்.

ஞானதுரை படிக்கத் தொடங்கினார். ஒரு பெயர், ஒரு “இருக்கேன்.” ஒரு பெயர், ஒரு “இருக்கேன்.” மகள் வீட்டுக்குப் போயிருந்த ஒருத்தியின் பெயர் வந்தது, பின்னாலிருந்து ஒரு குரல், “அவளுக்கு நான் இருக்கேன்.” குரல் வந்த ஒவ்வொரு தடவையும் கதவின் காற்று ஒரு கணம் நின்று மறுபடி வீசியது. பேச்சித்தாய் கூட்டத்தின் முகங்களைப் பார்த்தாள். யாரும் முன்கூட்டி வாக்குத் தரவில்லை, அவளும் வாங்கவில்லை. கூட்டங்களின் மௌனத்தை அவளைப்போல் அறிந்தவர் அந்த ஊரில் இல்லை. கைதட்டியவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்வதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அவள் கண்ணுக்கு எல்லா முகமும் தரையைப் பார்ப்பதாகவே தோன்றியது.

பெயர்கள் பலகையில் இறங்கிக்கொண்டே வந்தன. செல்லக்கிளி மூச்சை இழுத்துப் பிடித்தாள். புஷ்பம் மை பட்ட விரலோடு எழுந்து நின்றாள். வராதவர்கள், கேட்டவர்கள், கேட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள், ஒவ்வொருவராகத் தலையை நிமிர்த்தினார்களா, அல்லது வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினார்களா, பேச்சித்தாயால் சொல்ல முடியவில்லை.

சுடலைமுத்துவின் மடியில் பிள்ளை விறைத்தது. அவன் பயந்து குனிந்தான். பயப்பட ஒன்றும் இல்லை. ஒரு ஓசை எழுப்ப மற்றவர்களைவிட நேரம் தேவைப்படுகிறவள் அவள், வரிசையை நன்றாகக் கணித்துக்கொண்டு, தன் பெயருக்குத் தானே குரல் கொடுக்க, இரண்டு பெயருக்கு முன்னாலிருந்தே நெஞ்சிலும் தொண்டையிலும் தாடையிலுமாகத் தன் குரலைத் திரட்டிக்கொண்டிருந்தாள், கண்ணை இடதுபக்கம் ஒதுக்காமல், திறந்திருந்த கதவையே நேராகப் பார்த்துக்கொண்டு.

ஞானதுரை பலகையின் கடைசி வரிக்கு வந்தார். கண்ணாடியைச் சரிசெய்தார். இந்தத் தடவை பெயரைத் தவறவிடக்கூடாது என்பதைப் போல, மேடையில் பேசும் குரலை எடுத்து, தெருக்கோடியில் நின்றவனுக்கும் கேட்கும்படி, அத்தனை சாட்சிகளின் முன்னால் படித்தார்:

“ஜெயக்கொடி.”